வேறுபாடில்லை என்று வைத்துக்கொள்

மார்ச்சிலும் இனாரி ஏரி ஒரு சாலைதான்.
ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து
ஆரஞ்சுக் கம்பத்தருகே
ஓனி பிரேக்கை மிதிக்கிறார்.
நாடாவைப் பிடித்து நான் ஓடுகிறேன்.
நாற்பத்தெட்டு மீட்டர் முப்பது.
பென்சிலால் எழுதுகிறேன்,
பேனாவுக்குள் மை உறைந்துவிட்டது.

பழைய டயர் பதினோரு வருடமாய் விற்கிறது.
புதியதற்கு இன்னும் பெயரில்லை,
விளம்பரம் இருக்கிறது.
ஹெல்சிங்கியில் அச்சாகி, மடித்து,
பெட்டிகளில் காத்திருக்கிறது
"முன்னதாகவே நிற்கும்" என்ற வாசகம்.

எதை முதலில் பூட்டுவது என்று தீர்மானிக்க
ஒரு யூரோ நாணயம்.
அதில் இரண்டு அன்னங்கள் பறக்கின்றன.
பாலையும் நீரையும் பிரிக்கிற அன்னங்கள் அல்ல,
விழ மட்டுமே தெரிந்தவை.
அதனால்தான் நம்புகிறேன்.
வெயில் ஏறினால் பனிக்கட்டியின் குணம் மாறும்,
மதியத்துக்குப் பிறகு ஓனியின் கால் அலுக்கும்.
அந்தப் பழி முழுதும்
ஒரே டயரின் தலையில் விழக் கூடாது.

கூடாரத்துக்குள் வைத்து மாற்றுகிறார்கள்.
எது எதுவென்று ஓனிக்குச் சொல்வதில்லை.
"சொல்லவே வேண்டாம் ஸிர்க்கா,
சத்தத்திலேயே தெரிந்துவிடும்" என்றார்.
சரி, அதையும் பார்த்துவிடலாமே என்று
ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் கேட்டுக் குறித்துவைத்தேன்.
நாற்பதில் இருபத்திரண்டு சரி.
காபியை ஊதிக்கொண்டே ஓனி சொன்னார்:
"பாதிக்கு மேல்தானே."

என் தொழிலில் எல்லாம் ஒரு வாக்கியத்தில் தொடங்கும்.
இன்மைக் கருதுகோள் என்று பெயர்.
இரண்டுக்கும் வேறுபாடில்லை என்று வைத்துக்கொள்.
நீ ஆசைப்படுவதற்கு எதிர்க்கரையில் போய் நில்.
குளிரும்.
அங்கிருந்து பார்,
இந்த எண்கள் உன்னை
அந்த இடத்திலிருந்து கிளப்புகின்றனவா என்று.

நான்கு நாள். இருபது ஜோடி.
புதியது சராசரியாகத்
தொண்ணூறு சென்டிமீட்டர் முன்னால் நின்றது.
ஒரு முயலின் உயிர் அளவு தூரம்.
ஆனால்
இரண்டும் ஒன்றே என்றாலும்
இத்தனை வித்தியாசத்தை
நூற்றுக்கு ஒன்பது தடவை
தற்செயலே காட்டிவிடும்.
ஐந்துக்குள் வந்தால்தான் என்று
ஏரிக்கு வருமுன்பே கையெழுத்திட்டிருந்தோம்,
நானும் லெஹ்திமாகியும்.

அவர் தொலைபேசியில் அழைத்தார்.
"இன்னும் பத்து ஜோடி ஓட்டுங்களேன்.
ஐந்துக்குக் கீழே இறங்கியதும் நிறுத்திவிடலாம்."
"இறங்காவிட்டால்?"
"இன்னும் பத்து."
தாயம் விழும்வரை உருட்டிக்கொண்டே இருந்தால்
எல்லாக் காயும் பழம்தான் சார், என்றேன்.

"அப்படியானால் இரண்டும் ஒன்றா?"
அதையும் நான் சொல்லவில்லை.
"பின்னே என்னதான் சொல்கிறீர்கள்?"
சாட்சி போதவில்லை என்கிறேன்.
அடுத்த குளிர்காலத்துக்கு அறுபது ஜோடி,
எண்ணிக்கையை இன்றே எழுதிப் பூட்டிவைப்போம் என்கிறேன்.
மறுமுனையில் யாரோ
அட்டைப்பெட்டி ஒன்றை நகர்த்தும் ஒலி.
"அறுபது" என்றார் கடைசியில்,
கடன்காரனிடம் தொகையைத்
திருப்பிச் சொல்வதுபோல.

இரவு வீட்டுக்குத் திரும்புகையில்
வளைவில் ஒரு கலைமான்.
மிதித்தேன்.
என் வண்டியில் பழைய டயர்கள்.
வண்டி வழுக்கி, யோசித்து, நின்றது.
விளக்கு வெளிச்சத்தில் அதன் மூச்சு புகைந்தது.
என்னைப் பார்த்துவிட்டு,
அவசரமே இல்லாமல் பைன் மரங்களுக்குள் போனது.

இறங்கி அடியெடுத்து அளந்தேன், பழக்கதோஷம்.
ஏழு காலடி மிச்சம்.

ஒரே ஓட்டம். ஜோடி கிடையாது.
நாணயம் சுண்டவில்லை.
நோட்டில் எழுதவில்லை.
கைகள் மட்டும் வெகுநேரம்
ஸ்டியரிங்கை விடவில்லை.